படத்தின் பின்பக்கம்: டிஜிட்டல் படத் தொகுப்பைக் குறிச்சொற்களாலும் லேபிள்களாலும் ஒழுங்குபடுத்த முழுமையான வழிகாட்டி

ஒரு பெட்டி நிறைய பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. சில படங்களின் பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றை வைத்துக்கொண்டு வீட்டில் மணிக்கணக்காகப் பேசினோம். பின்பக்கம் வெறுமையாக இருந்த படங்களையும் ஆசையாகத்தான் எடுத்தோம், ஆனால் அதில் இருப்பவர்கள் யாரென்று சொல்ல ஆளில்லை. பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் திருப்பி வைத்தோம்.

டிஜிட்டல் படத்துக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. படக் கோப்புக்குள்ளேயே எழுத்துக்கென்று ஒதுக்கிய இடம் அது, பெயர் மெட்டாடேட்டா. எடுத்த தேதி, நேரம், ஷட்டர் வேகம், சில சமயம் இடம் ஆகியவற்றைக் கேமராவே அங்கே எழுதிவிடும். படத்தில் இருப்பவர் யார், என்ன நிகழ்ச்சி, ஏன் எடுத்தோம் என்பதையெல்லாம் நாம்தான் எழுத வேண்டும். பின்னால் தேடுவதற்காக இப்படி எழுதிவைக்கும் சிறு சொல்தான் குறிச்சொல், சில நிரல்கள் அதை டேக் என்று சொல்லும். அதை எப்படி எழுதினால் பத்து வருடம் கழித்து வேறொரு கணினியில் வேறொருவர் தேடினாலும் கிடைக்கும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

படி 1: எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள், நகல் எடுங்கள்

போன், பழைய போன், மெமரி கார்டு, பென் டிரைவ், மேகக் கணக்கு என்று சிதறிக் கிடக்கும் படங்களை ஒரே ஹார்டு டிஸ்கில் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். எதையும் தொடுவதற்கு முன் அந்த ஃபோல்டரை இன்னொரு டிஸ்கில் அப்படியே நகலெடுங்கள். நாம் கோப்புகளுக்குள் எழுதப்போகிறோம், அதனால் தொடாத நகல் ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும்.

கூகுள் போட்டோஸில் இருப்பவற்றை டேக்அவுட் என்ற கூகுளின் தரவிறக்க வசதி வழியாக இறக்கினால், ஒவ்வொரு படத்தோடும் ஜேசான் என்ற வகையில் ஒரு சிறு எழுத்துக் கோப்பு வரும். நீங்கள் அங்கே திருத்திய தேதியும் எழுதிய விளக்கமும் அந்தக் கோப்பில்தான் இருக்கும், படத்துக்குள் இருக்காது. குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எக்சிஃப்டூல் போன்ற இலவசக் கருவியால் அவற்றைப் படத்துக்குள் ஏற்றிவிடலாம்.

மங்கலானவை, தவறிப்போய் எடுத்தவை, ஒரே காட்சியில் பத்து இருந்தால் அதில் எட்டு, இவற்றையெல்லாம் இப்போதே கழித்துவிடுங்கள். நல்லதா இல்லையா என்று ரொம்ப யோசிக்க வைக்கும் படத்தை வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

படி 2: முதலில் தேதி

குறிச்சொல்லுக்கு அவசரப்படுவதற்கு முன் தேதிகளைச் சரிசெய்யுங்கள். தேதி சரியாக இருந்தால் ஒரே நிகழ்ச்சியின் படங்கள் தானாக ஒன்றாகச் சேர்ந்து நிற்கும், மொத்தமாகச் சொல் சேர்ப்பது எளிதாகும். தேதி தவறினால் ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கும்.

தேதி கெடுவதற்கு மூன்று வழிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, கேமராவின் கடிகாரமே தவறாக இருப்பது. பேட்டரி கழற்றிப் போட்டு வெகுநாள் ஆன கேமராக்களில் இது சகஜம். அந்தக் கேமராவால் போனில் தெரியும் கடிகாரத்தை ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கோப்பில் பதிவான நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அந்தக் கேமராவின் எல்லாப் படங்களையும் அவ்வளவு நகர்த்துங்கள். இடையில் கடிகாரத்தை யாரும் மாற்றியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். படங்களை ஒழுங்குபடுத்தும் நிரல்களான லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம் இரண்டிலுமே மொத்தமாக நேரம் நகர்த்தும் வசதி இருக்கிறது.

இரண்டாவது, வாட்ஸ்அப். படமாக அனுப்பும்போது அது மெட்டாடேட்டாவை உரித்துவிடும். ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயரில் 20190412 என்பது போல ஓர் எண் வரும். அது படம் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாளாக இருக்க வேண்டும் என்று இல்லை. எடுத்தவரிடம் மூலப் படம் இருந்தால், ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அப்படி அனுப்பினால் மெட்டாடேட்டா முழுதாக வரும்.

மூன்றாவது, ஸ்கேன் செய்தவை. 1978இல் எடுத்த படம் ஸ்கேன் செய்த நாளின் தேதியோடு நேற்று எடுத்த படங்களுக்கு நடுவே போய் உட்காரும். ஆண்டு மட்டும் தெரிந்தால் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று போட்டு, 'தேதி-உத்தேசம்' என்று ஒரு குறிச்சொல்லும் சேர்த்துவிடுங்கள். பின்னால் பார்ப்பவர் அதை உண்மையான தேதி என்று நம்பிவிடக் கூடாது.

படி 3: ஃபோல்டர்களைத் தேதியோடு நிறுத்துங்கள்

ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதம் அல்லது நிகழ்ச்சி. பெயரை 2019-04-12 என்று ஆண்டில் தொடங்கி எழுதினால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும். 'குடும்பம்', 'பயணம்', 'பறவைகள்' என்று பொருள்வாரியாக ஃபோல்டர் போடாதீர்கள். குடும்பத்தோடு பயணம் போனபோது எடுத்த பறவையை எங்கே வைப்பீர்கள்? மூன்றிலும் நகல் போட்டால் தொகுப்பு வீங்கும், ஒன்றில் மட்டும் போட்டால் மற்ற இரண்டிலும் கிடைக்காது. குறிச்சொல்லாக இருந்தால் மூன்றையும் ஒரே படத்துக்குக் கொடுக்கலாம்.

படி 4: எழுதும் சொல் எங்கே போய்ச் சேருகிறது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

குறிச்சொல்லை ஒரு நிரலில் தட்டச்சு செய்ததும் அது இரண்டில் ஓரிடத்துக்குப் போகும். ஒன்று, அந்த நிரலின் சொந்தத் தரவுத்தளம். இன்னொன்று, படக் கோப்பு. தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும் சொல் அந்த நிரல் இருக்கும்வரைதான் இருக்கும். ஆப்பிள் அப்பர்ச்சர் என்ற தன் பட நிரலைத் தொடரப்போவதில்லை என்று 2014இல் அறிவித்தது. கூகுள் 2016இல் பிகாசா என்ற தன் பட நிரலை நிறுத்தியது. இரண்டையும் நம்பிப் படங்களை அடுக்கியவர்கள் ஏராளம். நானும் ஒரு நிரலில் பல மாதம் உழைத்துச் சொல் சேர்த்தேன். அந்த நிரல் புதிய கணினியில் திறக்கவே இல்லை. படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கோப்புக்குள் எழுதுவதற்குப் பொதுவான தரநிலைகள் இருக்கின்றன. கேமரா எழுதும் தேதி, நேரம் முதலியவை எக்சிஃப் என்ற வடிவத்தில் இருக்கும். இது 1995இல் ஜப்பானில் உருவானது. தலைப்பு, விளக்கம், குறிச்சொல் ஆகியவை பத்திரிகை உலகிலிருந்து வந்தவை. 1965இல் தொடங்கிய ஐபிடிசி என்ற சர்வதேசச் செய்தித்துறை அமைப்பு அவற்றுக்கு விதி வகுத்தது. செய்திப் படம் கைமாறிப் போகும்போது, யார், எங்கே, எப்போது என்ற விவரமும் கூடவே போயாக வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. நம் தேவையும் அதேதான். 2001இல் மென்பொருள் நிறுவனமான அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி வடிவம் இதையெல்லாம் ஒரே உறையில் அடக்கியது. 2012இல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரநிலையும் ஆனது. இன்று படங்களைக் கையாளும் நிரல்களில் பெரும்பாலானவை இதைப் படிக்கும்.

ஆகவே உங்கள் நிரல் கோப்புக்குள் எழுதுகிறதா என்று முதலில் பாருங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் கேட்டலாக் அமைப்புகளுக்குள் மெட்டாடேட்டா பகுதியில், மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதச் சொல்லும் தேர்வு இருக்கிறது. அதை இயக்குங்கள். டிஜிகேமிலும் அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதியில், டேக்குகளைக் கோப்பில் எழுதும் தேர்வைப் பாருங்கள். இது இலவசமாகக் கிடைக்கும் திறமூல நிரல், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மேக்கில் உள்ள ஆப்பிள் போட்டோஸ் குறிச்சொற்களைத் தன் நூலகத்திலேயே வைத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்யும்போது தலைப்பு, குறிச்சொல், விளக்கம் சேர்க்கும் தேர்வைப் போட்டால்தான் அவை படத்தோடு வெளியே வரும். விண்டோஸில் தனி நிரல்கூட வேண்டாம். ஜேபெக் படத்தின் பண்புகளில் விவரங்கள் பகுதிக்குப் போய், டேக் என்ற இடத்தில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்து எழுதலாம். அது கோப்புக்குள்ளேயே பதியும்.

மேக் ஃபைண்டரில் போடும் வண்ண டேக்குகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை படத்தின் மெட்டாடேட்டாவில் எழுதப்படுவதில்லை, வட்டில் இருக்கும் கோப்பின் மேல் ஒட்டிய குறிப்பு மாதிரி. மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவருக்குப் போகாது.

ரா கோப்பு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படம், எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். கேமரா நிறுவனங்களின் ரா கோப்புக்குள் எழுதுவதை லைட்ரூம் தவிர்த்து, அதே பெயரில் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி கோப்பை உருவாக்கும். படத்தை நகர்த்தும்போது அதையும் சேர்த்து நகர்த்துங்கள். தனித்தனியே பிரிந்தால் சொற்கள் போய்விட்ட மாதிரிதான்.

சரி, இப்போது சோதனை. ஐந்து படங்களுக்குக் குறிச்சொல் கொடுங்கள். அந்தக் கோப்புகளை மட்டும் வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், வேறொரு நிரலில் திறங்கள். சொற்கள் தெரிகின்றனவா? தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் ஆறாவது படத்துக்குப் போங்கள்.

படி 5: சொற்பட்டியலை முதலில் தாளில் எழுதுங்கள்

எல்லோரும் தவறுவது இங்கேதான். படத்தைத் திறந்ததும் கண்ணில் படுவதையெல்லாம் எழுதுவார்கள்: வானம், மேகம், நீலம், மரம், புல், சிரிப்பு. ஒரு வாரத்தில் அறுநூறு சொற்கள் சேர்ந்துவிடும், அடுத்த வாரம் கைவிட்டுவிடுவார்கள். வானத்தையும் மரத்தையும் இப்போது போனே அடையாளம் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. உங்கள் நேரத்தை இயந்திரத்தால் ஒருபோதும் அறிய முடியாதவற்றுக்குக் கொடுங்கள். இவர் யார், இது யாருடைய வீடு, இது எந்த விழா, இந்தக் கட்டிடம் இடிக்கப்படுவதற்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்பவை உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு நான்கு பிரிவு போதுமானதாக இருக்கிறது: ஆள், இடம், நிகழ்ச்சி, பொருள். முதல் மூன்றும் பெரும்பாலான படங்களுக்கு வரும். நான்காவதை உங்கள் ஆர்வம் தீர்மானிக்கும். பறவை பார்ப்பவருக்கு இனப் பெயர்கள் வேண்டும், கட்டிடக்கலை படிப்பவருக்குத் தூண், வளைவு என்று வேண்டும். எந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்ப்பதானாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சொல்லைத் தட்டி நான் என்றைக்காவது தேடுவேனா? தேடமாட்டேன் என்றால் வேண்டாம்.

ஆட்கள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 'அப்பா', 'பெரியம்மா', 'தாத்தா' என்று உறவுமுறையை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். உங்களுக்கு அப்பா, உங்கள் பிள்ளைக்குத் தாத்தா, அக்கா மகனுக்கு அவர் வேறு முறை. தொகுப்பு கைமாறும் நாளில் 'அப்பா' என்ற சொல்லால் யாருக்கும் பயனில்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தால் இனிஷியல் சேருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், திருமணத்துக்குப் பின் மாறிய பெயர் இருந்தால் ஒன்றை முதன்மையாக வைத்து மற்றதை இணைச்சொல்லாகக் கொடுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் ஒரு குறிச்சொல்லுக்கு இணைச்சொற்களைப் பதிந்து வைக்கலாம். மற்றவற்றில் இரண்டையுமே குறிச்சொல்லாகக் கொடுத்துவிடுங்கள்.

சொற்களை அடுக்குகளாகவும் அமைக்கலாம்: பொருள், அதற்குள் பறவை, அதற்குள் மீன்கொத்தி. இரண்டு அல்லது மூன்று அடுக்கோடு நிறுத்துங்கள். அடுக்கு அமைப்பை ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு முறையில் எழுதும். இன்னொரு நிரல் அதைத் தட்டையான பட்டியலாக மட்டும் படிக்கக்கூடும். தட்டையானால் குழப்பம் வரும் சொற்களை அப்போதே தெளிவாக்குங்கள். 'வேங்கை' என்று எழுதினால் அது மரமா, விலங்கா? மரம் என்ற அடுக்குக்குள் இருக்கும்வரை தெரியும், தனியே நின்றால் தெரியாது. 'வேங்கைமரம்' என்றே எழுதிவிடுங்கள்.

படி 6: தமிழில் எழுதும்போது

குறிச்சொற்களைத் தாராளமாகத் தமிழிலேயே எழுதலாம். எக்ஸ்எம்பி, பல மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூனிகோட் முறையைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வராத சில சிக்கல்கள் நமக்கு வரும்.

ஒருமை, பன்மை முதலாவது. 'பறவை' என்று தேடினால் 'பறவைகள்' என்று எழுதிய படமும் பெரும்பாலும் கிடைத்துவிடும், ஏனென்றால் முதல் மூன்று எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. 'மரம்' என்று தேடினால் 'மரங்கள்' கிடைக்காது, மகர மெய் ஙகரமாகத் திரிந்துவிட்டது. கல், கற்கள், நாள், நாட்கள் எல்லாம் இதே கதை. எப்போதும் ஒருமையில் எழுதுவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். 'பிறந்த நாள்', 'பிறந்தநாள்' போல இடைவெளி விட்டும் விடாமலும் எழுதும் சொற்களில் ஒரு வடிவத்தை முடிவுசெய்து தாளில் குறித்துவையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டையும் ஒன்றாகக் கருதாத நிரலில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. 'ஔ' எழுத்துக்குப் பதிலாக ஒ, ள இரண்டையும் தட்டுவதும் இப்படித்தான். இதற்கு ஒரே வழி, ஒரு சொல்லை முதல் முறை மட்டும் கவனமாகத் தட்டி, பிறகு எப்போதும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது.

கடைசியாக நீளம். பழைய ஐபிடிசி வடிவத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்தைத் தாண்டினால் பழைய வடிவத்தை நம்பும் நிரலில் சொல் பாதியில் வெட்டுப்படலாம். குறிச்சொல்லைச் சுருக்கமாக வைத்து, நீளமாகச் சொல்ல வேண்டியதை விளக்கப் பகுதியில் எழுதுங்கள். ஒரு முழு வாக்கியத்துக்கு அதுதான் இடம்: யார் எந்தப் பக்கம் நிற்கிறார், என்ன நடந்துகொண்டிருந்தது என்று.

படி 7: பெரியதிலிருந்து சிறியதற்கு

ஒவ்வொரு படமாக எடுத்து எல்லாச் சொல்லையும் சேர்க்காதீர்கள். ஒரு நாளின் படங்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இடத்தையும் நிகழ்ச்சியையும் ஒரே தடவையில் கொடுங்கள். அடுத்த சுற்றில் ஆட்கள். முகம் அறியும் வசதி இருந்தால் நன்றாகவே உதவும், ஆனால் சிறு குழந்தைகளையும் அண்ணன் தம்பிகளையும் அது மாற்றிப் போடும், உறுதிப்படுத்துவதற்கு முன் பார்த்துவிடுங்கள். மூன்றாவது சுற்றில்தான் தனிப்படங்களுக்கான பொருட்சொற்கள். இந்தச் சுற்றில் பல படங்களுக்கு எதுவும் தேவைப்படாது.

எங்கே தொடங்குவது? இன்றைய படங்களில். இனி உள்ளே வருவது எல்லாம் குறிச்சொல்லோடு வரும் என்று பழக்கிக்கொண்டு, அப்புறம் பின்னோக்கிப் போங்கள். பழையதிலிருந்து தொடங்கினால் நீங்கள் 2011ஐ முடிப்பதற்குள் இந்த ஆண்டின் படங்கள் குவிந்துவிடும்.

படி 8: நட்சத்திரமும் வண்ண லேபிளும்

நட்சத்திரத்தை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து படி இருந்தாலும் எனக்கு மூன்றே போதும்: வைத்திருக்கலாம், காட்டலாம், சட்டம் போட்டு மாட்டலாம். கடைசி வகையைக் கஞ்சத்தனமாகக் கொடுங்கள்.

வண்ண லேபிளை, படத்தில் இன்னும் என்ன வேலை பாக்கி இருக்கிறது என்பதற்கு வையுங்கள். என்னிடம் சிவப்பு என்றால் தேதியைச் சரிசெய்ய வேண்டும், மஞ்சள் என்றால் யாரென்று கேட்க வேண்டும், நீலம் என்றால் அச்சிட வேண்டும். வேலை முடிந்ததும் லேபிளை எடுத்துவிடுவேன். லேபிளில் 'குடும்பம்', 'பயணம்' என்று நிரந்தரப் பொருள் ஏற்றாதீர்கள், அது குறிச்சொல்லின் வேலை. ஒரு படத்துக்கு ஒரு லேபிள்தான் ஒட்ட முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்எம்பியில் லேபிளின் நிறம் பதிவதில்லை, அதன் பெயர்தான் பதிகிறது. லைட்ரூம் 'ரெட்' என்று எழுதும். அடோபியின் இன்னொரு பட நிரலான பிரிட்ஜில் சிவப்புக்கு இயல்பாக இருக்கும் பெயர் 'செலக்ட்'. பெயர் பொருந்தாததால் அங்கே அந்த லேபிள் வெள்ளையாகத் தெரியும். இரண்டையும் பயன்படுத்துபவர்கள் அமைப்புகளில் பெயர்களை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

படி 9: வெளியே அனுப்பும்போது

கோப்புக்குள் எழுதியது கோப்போடு போகும். குழந்தையின் பெயரும் வீட்டின் இருப்பிடமும் உள்ள படத்தைப் பொதுவில் போட்டால் அவையும் கூடப் போகலாம். அதனால் பகிர்வதற்கு எப்போதும் தனி நகல் எடுங்கள். லைட்ரூமில் ஏற்றுமதியின்போது ஆட்களின் விவரத்தையும் இட விவரத்தையும் நீக்கும் தேர்வுகள் இருக்கின்றன. குடும்பத்துக்குள் கொடுக்கும் நகலில் எல்லாவற்றையும் விட்டுவையுங்கள், அவர்களுக்காகத்தான் எழுதினோம்.

படி 10: மஞ்சள் லேபிள்கள்

மற்ற எல்லாப் படிகளையும் அடுத்த வருடம்கூடச் செய்யலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். யாரென்று தெரியாத முகங்களுக்கெல்லாம் மஞ்சள் லேபிள் கொடுத்துவிட்டு, அவற்றை மட்டும் வடிகட்டி எடுங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் பக்கத்தில் பெரிய திரையோடு உட்காருங்கள். ஒரு நேரத்தில் இருபது, முப்பது படம் போதும், அதற்குமேல் அவர்களுக்குக் களைப்பாகிவிடும். 'இவர் யார்?' என்று மட்டும் கேட்காமல் 'இது எந்த வீடு, அன்றைக்கு யாரெல்லாம் வந்திருந்தார்கள்?' என்றும் கேளுங்கள். வீடு நினைவுக்கு வந்தால் ஆட்களும் வந்துவிடுவார்கள். அனுமதி வாங்கி, போனில் பேச்சைப் பதிவுசெய்துகொள்ளுங்கள், பேசும்போதே தட்டச்சு செய்தால் பேச்சு அறுந்துபோகும். இருவர் வெவ்வேறு பெயர் சொன்னால் இரண்டையும் விளக்கத்தில் எழுதி, யார் எதைச் சொன்னார்கள் என்றும் குறியுங்கள், லேபிளை எடுக்க வேண்டாம். மற்ற படங்களுக்கு அன்றிரவே பதிவைக் கேட்டுப் பெயர்களை ஏற்றி, மஞ்சளை எடுத்துவிட்டு, டிஸ்கை நகலெடுத்து வையுங்கள்.